பள்ளிவாசல் சுவரில் தொங்கிய செங்கல் அச்சு



ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர் வீடுகளுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. நோன்புக்கு முன் சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். போன மழையில் ஒழுகிய மாடியைப் பூசியாக வேண்டும். உளு செய்யும் இடத்துக் குழாயை மாற்றியாக வேண்டும். ஹார்டுவேர் கடையிலும் பெயிண்ட் கடையிலும் நிற்க இடமிராது. அதன்பின் சில வாரங்களில் பள்ளிவாசல் தெருவில் பந்தல் கடைகள் முளைக்கும். பேரீச்சம்பழம், தொப்பி, அத்தர், பிள்ளைகளுக்கான ஆயத்த ஆடைகள் என்று பெருநாள் இரவு வரை வியாபாரம் நடக்கும். பெருநாள் தொழுகை முடிந்து திரும்பும்போது மூங்கிலைக் கூடப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

இவ்விரு வகைக் கடைகளிலும் வாங்குவோர் படும் பாட்டுக்கு வேர் ஒன்றே. செங்கல்லின் குறையும் சிமெண்டின் குறையும் வாங்கிய நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் பெருமழை வந்துதான் சொல்லும். அதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருப்பார், ரசீது தொலைந்திருக்கும். பந்தல் கடைப் பொருளின் குறை இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஆனால் போய்க் கேட்கலாம் என்றால் கடை இராது. வாங்கும் பொழுதுக்கும் அறியும் பொழுதுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் மோசடி குடியிருக்கிறது. முற்கால முஸ்லிம் நகரங்கள் இந்த இடைவெளியை அடைக்க என்னென்ன செய்து பார்த்தன, எதில் வென்றன, எதில் தோற்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதீனாவிலிருந்தே தொடங்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென ஏற்படுத்திய சந்தையில் நிலையான கடைகள் இல்லை, வரியும் இல்லை. காலையில் முதலில் வந்து இடம் பிடித்தவர் அன்று மாலை வரை அவ்விடத்துக்கு உரியவர். மறுநாள் அந்த இடம் வேறொருவருக்குப் போகலாம். உமர் (ரலி) அவர்கள் காலத்திலும், பள்ளிவாசலில் இடம் பிடிப்பதற்குரிய முறையே சந்தைக்கும் பொருந்தும் என்று கொள்ளப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதாவது முதல் முஸ்லிம் சந்தையே ஒரு வகையில் பந்தல் கடைச் சந்தைதான். இன்று இருப்பவர் நாளை அதே இடத்தில் இருப்பார் என்ற உறுதி வாங்குவோருக்குக் கிடையாது. எனவே கடையின் பழமையையோ பெயர்ப்பலகையையோ நம்பி வாங்க அங்கு வழியில்லை.

அச்சந்தையில் நடந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான தானியக் குவியல் நிகழ்ச்சி நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். நபியவர்கள் (ஸல்) குவியலுக்குள் கையை நுழைத்தார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அவர்கள் எச்சரித்தார்கள். இந்நிகழ்ச்சியின் எச்சரிக்கையைப் பலமுறை பேசுகிறோம். அதன் நடைமுறையைப் பேசுவது குறைவு. ஈரத் தானியத்தை விற்பது அங்கே தடுக்கப்படவில்லை. ஈரத்தை அடியில் வைப்பதே தடுக்கப்பட்டது. குறையுள்ள பொருளுக்கும் ஒரு விலை உண்டு. வாங்குபவர் அதை அறிந்து அந்த விலையைத் தர வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: வாங்கிப் போனவர் வந்து முறையிடும் வரை காத்திராமல், விற்பனைக்கு முன்பே ஒரு கை குவியலுக்குள் நுழைந்து பார்த்தது. பிற்காலத்தில் ‘ஹிஸ்பா’ என்ற பெயரில் வளர்ந்த சந்தைக் கண்காணிப்பு முழுவதும் அந்தக் கையின் நீட்சி என்றே நாம் கருதுகிறோம்.

ஹிஸ்பாவை நடத்திய அலுவலர் ‘முஹ்தஸிப்’. காதிக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு எளிது. காதியிடம் வழக்கு வர வேண்டும். முஹ்தஸிப் தாமே கடைத்தெருவுக்குப் போவார். தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார்; ரொட்டிக் கடை முதல் மருந்துக் கடை வரை எட்டிப் பார்ப்பார். அவருக்கு வழிகாட்டக் கையேடுகள் எழுதப்பட்டன. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதிய நூலில் 40 அதிகாரங்கள் உள்ளன. எகிப்தில் இப்னுல் உகுவ்வா (இறப்பு 1329) எழுதியது அதினும் விரிந்தது; 70 அதிகாரங்கள். மார்க்கத் தீர்ப்புகளை விட இவற்றில் மிகுதியாக இருப்பது தொழில் நுணுக்கம்: எந்தத் தொழிலில் எந்த இடத்தில் ஏமாற்று நுழையும் என்ற விவரம்.

வீடு கட்டுவோருக்கு மிக நெருக்கமான கையேடு அந்தலூஸிலிருந்து வந்தது. இஷ்பீலியா நகரில், இன்று ஸ்பெயினின் செவில்லே என அழைக்கப்படும் ஊரில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இப்னு அப்தூன் என்பவர் தம் நகர நிர்வாகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் அரபு மூலத்தை லெவி ப்ரோவன்சால் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1934ல் பதிப்பித்தார். இப்னு அப்தூன் சற்றுக் கடுமையான மனிதர்; அவருடைய சில கருத்துகளை இன்று படிக்கையில் நமக்கு உடன்பாடு வராது. ஆனால் கட்டடப் பொருள் பற்றி அவர் எழுதிய பகுதி, வீடு கட்டிப் பார்த்த எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்.

வீட்டுச் சுவரின் பருமன் இரண்டரைச் சாணுக்குக் குறையலாகாது என்கிறார் அவர். உத்திரங்கள் தடிமனாக இருக்க வேண்டும். பாரம் தாங்குவன அவையே. செங்கல் அந்தச் சுவருக்கு ஏற்ற அளவில் பெரிதாக இருக்க வேண்டும். இவையெல்லாம் எல்லா ஊர்களிலும் சொல்லப்படுபவை. அடுத்து அவர் சொல்வதுதான் அரியது. செங்கல்லின் பருமன், ஓட்டின் அளவு, உத்திரத்தின் அகலமும் தடிமனும், தளப் பலகையின் அளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு அச்சு செய்யப்பட வேண்டும். எளிதில் தேயாத, உளுத்துப் போகாத கடின மரத்தில் அவை அமைய வேண்டும். அவற்றை ஜாமிஆ பள்ளிவாசலின் சுவரில் உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டும். வந்த பொருள் சிறுத்திருக்கிறதா, பெருத்திருக்கிறதா என்ற ஐயம் எழும்போதெல்லாம் அந்த அச்சோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தொழிலாளர் கையில் வேலைக்கென வேறொரு தொகுதி இருக்கும்.

அவர் எழுதிய காலத்து ஜாமிஆ பள்ளிவாசல், இன்று அந்நகரில் எல் சல்வதோர் தேவாலயம் நிற்கும் இடத்தில் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் ஹிரால்டா கோபுரம் அதற்கு நெடுநாள் பின்னர், வேறொரு பள்ளிவாசலின் மினாராவாக எழுந்தது.

அந்த மர அச்சை ஏன் இத்தனை முக்கியமாகக் கருதுகிறோம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் கொண்ட செங்கல் ஒன்றின் கன அளவு 121.5 கன அங்குலம். சூளைக்காரர் தம் அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் குறைத்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். கையில் எடுத்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் கன அளவு ஏறத்தாழ 102 கன அங்குலமாகச் சுருங்கிவிடும். 16 விழுக்காடு போயிற்று. 10,000 கல்லுக்குப் பணம் கொடுத்தவர், ஏறக்குறைய 1,580 கல்லைக் காணாமலே இழக்கிறார். லாரியில் வந்து இறங்கும் கல்லை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொண்டே அளவைத் திருட முடியும் என்பதை இப்னு அப்தூன் அறிந்திருந்தார்.

நம் மண்ணுக்கும் இந்த எண்ணம் அந்நியமன்று. தமிழகத்துப் பழங்கோயில்கள் சிலவற்றின் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளம் வெட்டி வைக்கப்பட்டிருப்பதைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஊரார் கூடும் இடத்தில், எவரும் அழிக்கத் துணியாத சுவரில், எவரும் போய் ஒப்பிடக்கூடிய அளவு. சமயம் வேறு, காலம் வேறு, தேவை ஒன்றே.

இனி இப்னுல் உகுவ்வாவிடம் வருவோம். தச்சர், மரம் அறுப்போர், கொத்தர், சுண்ணம் பூசுவோர் ஆகியோரைப் பற்றி அவர் எழுதியதில் 14ஆம் நூற்றாண்டு எகிப்தைத் தேட வேண்டியதில்லை. நாள் கூலிக்கு ஒப்புக்கொண்டு காலையில் நேரம் கழித்து வருவோரையும், மாலையில் நேரத்துக்கு முன்பே கருவியைக் கட்டிக்கொள்வோரையும் அவர் கண்டிக்கிறார். வீட்டுக்காரரிடம் முதலில் குறைந்த செலவைச் சொல்லி வேலையைத் தொடங்கச் செய்து, பாதி எழும்பிய பின் செலவைக் கூட்டிக்கொண்டே போகும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். பாதி வீட்டை அப்படியே விட முடியாது. அதனால் வீட்டுக்காரர் கடனில் விழுகிறார் என்கிறார். எஸ்டிமேட் என்ற சொல் அவருக்குத் தெரியாது. எஸ்டிமேட்டின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவர் எழுதியவற்றுள் நம்மை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. கட்டுவோரும் பூசுவோரும் ஜிப்சம், சுண்ணாம்பு விற்பவர்களிடம் அன்பளிப்பு பெற்றுக்கொண்டு, சரியாக வேகாத சரக்கை நல்லதென்று சொல்லிவிடக் கூடாது. முஹ்தஸிப் அவர்களிடம் இதற்குச் சத்தியம் வாங்க வேண்டும் என்கிறார் அவர். வாங்குபவருக்குச் சரக்கைப் பற்றித் தெரியாது. அவர் தம் கொத்தனாரின் கண்ணை நம்புகிறார். அந்தக் கண்ணை விற்பவர் முன்கூட்டியே விலைக்கு வாங்கிவிட்டால் வாங்குபவருக்கு வேறு துணை இல்லை. நம் காலத்தில் பெயிண்ட் வாளியின் மூடிக்கு அடியில் டோக்கன் இருக்கும் என்பதைக் கடைக்காரர்கள் மறைப்பதில்லை. அதைக் கொடுத்தால் பெயிண்டருக்குப் பணமோ பொருளோ கிடைக்கும். இப்போது அது கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் புள்ளியாக மாறியிருக்கிறது. இது வெளிப்படையான விற்பனை உத்தி என்று வாதிடுவோர் உண்டு. வாளிக்குப் பணம் கொடுத்தவருக்கு அது வெளிப்படையாகத் தெரிவிக்கப்படுகிறதா என்பதே கேள்வி. எந்தப் பெயிண்ட் நல்லது என்று நாம் யாரிடம் கேட்கிறோமோ அவருக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை அறிந்து கேட்பது வேறு, அறியாமல் கேட்பது வேறு. ஈரத்தை மேலே வைக்கும்படி சொன்னது இத்தகைய இடத்துக்கும்தான்.

குறை பின்னால் வெளிப்பட்டால் என்ன செய்வது? ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயர்: குறை கண்டவருக்குரிய விருப்புரிமை. விற்றவரிடம் இருந்தபோதே இருந்த, வாங்கியவர் அறியாத, விலையைக் குறைக்கக்கூடிய குறை தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த அவசரம் இல்லை. காயல்பட்டினத்தவருக்கும் கீழக்கரையினருக்கும் ஒரு முறை, ராவுத்தர் ஊர்களுக்கு ஒரு முறை என்று விளையாட்டாகச் சொல்லலாம். திருப்பிக் கொடுக்க இயலாத நிலை வந்துவிட்டாலோ, குறைக்கேற்ப விலையில் ஒரு பகுதியை விற்றவர் திருப்பித் தர வேண்டும். கட்டடப் பொருளுக்கு இதுவே உயிரான விதி. சுவரில் ஏறிய கல்லைப் பிடுங்கிக் கடைக்கு எடுத்துப் போக முடியுமா?

விற்பவர் ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால்? இங்கே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி அறிஞர்கள் அந்த நிபந்தனையைப் பொதுவாக ஏற்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அதை மிகக் குறுக்கி, உயிருள்ள பிராணியிடம் விற்பவருக்கே தெரியாத உள் குறைக்கு மட்டும் செல்லும் என்றது. நம் ஊர்க் கடைகளின் ரசீதில் அடிக்கடி காணும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைப் படிக்கும்போது இந்தப் பழைய விவாதம் நினைவுக்கு வருகிறது. இந்திய நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. ரசீது தராமலிருப்பதும் அவ்வாறே. அந்த அச்சிட்ட வரி நல்ல பொருளை மனம் மாறித் திருப்புபவருக்குப் பொருந்தலாம். உடைந்த குழாயைக் கொண்டுவருபவரை அதைக் காட்டித் திருப்பியனுப்ப முடியாது.

நம் தமிழ்நாட்டில் வீட்டுப் பொருள் வாங்கிய வரலாற்றில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சுண்ணாம்பே அரசன். கடலோர ஊர்களில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, கூடைக் கணக்கில் விற்றார்கள். நல்ல சரக்கா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. தண்ணீர் தெளித்தால் சீறிப் பொங்கிப் பூவாக உதிர வேண்டும். வேகாத துண்டு அப்படியே கல்லாய்க் கிடக்கும். செங்கல்லுக்கும் சோதனை இருந்தது. இரண்டைக் கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். இச்சோதனைகளைப் பெரும்பாலான வீடுகளில் மூத்த பெண்மணிகளும் அறிந்திருந்தார்கள்.

சிமெண்ட் வந்தபோது இந்தக் கைப்பழக்கம் பயனற்றதாயிற்று. மூடிய மூட்டைக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பொடியைத் தட்டிப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, நெடுங்காலம் சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரு சன்னலுக்கு மேல் தளம் போடவும் மனு எழுதி, பெர்மிட் வாங்கி, கிடைத்த மூட்டையை எடுத்து வர வேண்டும். நல்லதா கெட்டதா என்று கேட்கும் நிலையிலா வாங்குபவர் இருந்தார்? கிடைத்ததே பெரிது. 1982ல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989ல் முற்றிலும் நீங்கியது. பொருள் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில் வாங்குவோரின் உரிமை ஏட்டில்தான் இருக்கும் என்பதை அந்த ஆண்டுகளில் வீடு கட்டிய நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்று சிமெண்ட் மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது, மூட்டை கட்டிய வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கின்றன. மூன்று மாதம் கடந்த சரக்கின் வலு குறையும் என்பதால் அந்த அச்சைப் படிப்பது நல்லது. கம்பிக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும், 8 மி.மீ. கம்பி சுமார் 4.7 கிலோ. மணல் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரித் தொட்டியின் நீள அகலத்தையும் மணல் நிற்கும் உயரத்தையும் அடியில் அளந்து பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் குடும்பங்களில் வீடு எழும்பும் முறை தனி. அத்தாவோ மகனோ சபுரில் இருப்பார். வளைகுடாவில் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த பணம் மாதம் மாதம் வந்து சேரும். ஊரில் நின்று கல் இறக்குபவர், மணலுக்குக் கையெழுத்திடுபவர், கொத்தனாரிடம் பேசுபவர் வீட்டுப் பெண்மணி. அவர் கடைக்காரரின் முன் போய் நிற்கும்போது, இவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்ற பார்வை ஒன்று அவர்மீது விழும். லாரி ஓட்டுநர் சொன்ன அளவே அளவாகிவிடும். தொலைபேசியில் ‘எல்லாம் சரியாக இருக்கிறதா’ என்று கேட்கும் கணவருக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? இஷ்பீலியாவின் பள்ளிவாசல் சுவரில் தொங்கிய அச்சு கொத்தருக்காக அன்று. கொத்தருக்கு அளவு தெரியும். தெரியாதவர் தெரிந்தவரோடு சமமாக நின்று பேச வேண்டும் என்பதற்காகவே அது தொங்கியது. நம்முடைய தர நிர்ணயங்கள் இன்று அதைவிடப் பன்மடங்கு நுட்பமானவை. ஆனால் அவை எங்கே தொங்குகின்றன?

முறையிட வழியும் இன்று இருக்கிறது. எடை, அளவு குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவு உண்டு. பொருளின் குறைக்கும் ஒப்பந்தக்காரரின் சேவைக் குறைக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ அங்கு மனுக் கட்டணமே இல்லை. குறைக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. இவையனைத்தும் காதியைப் போன்றவை. நாம் போக வேண்டும். தாமே கடைத்தெருவுக்கு வரும் முஹ்தஸிபை இன்று காண்பது அரிது.

முஹ்தஸிப் இருந்த காலமெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிடவும் நம்மால் முடியாது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பருவகாலக் கடைகளைப் பற்றிப் பேசும்போது அந்தக் கதை தானே வந்துவிடும். ஏனெனில் கெய்ரோவின் பருவச் சந்தைகளை மிகுந்த அன்போடு எழுதியவரே ஒரு முஹ்தஸிப்.

வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ 1364ல் கெய்ரோவில் பிறந்தார். 1442ல் அங்கேயே மறைந்தார். சுல்தான் பர்கூக் அவரை 1399ல் கெய்ரோவின் முஹ்தஸிபாக அமர்த்தினார். தம் நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் சந்தையையும் பற்றி அவர் எழுதிய ‘கிதத்’ என்னும் பெருநூலில் இரண்டு சந்தைகள் நம் மனத்தை விட்டு நீங்காதவை.

ஒன்று, இனிப்புக் கடைகளின் சந்தை. ரஜப் மாதம் வந்தால் அங்கே சர்க்கரையால் குதிரை, சிங்கம், பூனை உருவங்களைச் செய்து, நூலில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிடுவார்களாம். கால் ராத்தல் எடையிலிருந்து பத்து ராத்தல் எடை வரை இருக்கும். பிள்ளைகளுக்கென்று வாங்காத வீடே இராது. ஷஃபான் நடுப்பகுதியிலும் இவ்வாறே. (சர்க்கரையில் உருவம் செய்வது கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை இங்கே எழுப்ப வேண்டாம். மக்ரீஸீ பிள்ளைகளின் கண்ணால் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.)

மற்றொன்று, மெழுகுவத்திக் கடைகளின் சந்தை. ரமழானில் அது நள்ளிரவு வரை திறந்திருக்கும். இரு புறமும் கடை நிறைய மெழுகுவத்திகள் அடுக்கப்பட்டிருக்கும். ஊர்வலமாக ஏந்திச் செல்லும் வத்திகள் பத்து ராத்தல் வரை எடையுள்ளவை. வண்டியில் வைத்து இழுத்துச் செல்லும் வத்திகளோ ஒரு கிண்டாலையும் தாண்டும். சிறுவர்கள் தராவீஹ் தொழுகைக்குச் செல்லும் ஊர்வலத்துக்காக இவ்வளவும். விலைக்கு வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் தேவைப்படும் விலை மிகுந்த பொருளை வாடகைக்குத் தரும் வழக்கம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்ததை இதனால் அறிகிறோம்.

அந்தக் கடைகள் பந்தல் கடைகள் அல்ல என்பது கவனத்துக்குரியது. வியாபாரம் பருவத்துக்குரியது, கடை நிலையானது. ரஜபில் பிள்ளைக்குச் சர்க்கரைக் குதிரை வாங்கியவர் ஷவ்வாலிலும் அதே தெருவில் அதே முகத்தைக் காண்பார். எடை குறைந்தாலோ சர்க்கரையில் கலப்பு இருந்தாலோ கேட்க ஆளிருக்கும். கேட்டுப் பயனில்லையென்றால் முஹ்தஸிப் இருப்பார். நம் தெருக்களில் நோன்பு மாதம் முழுவதும் கடை போடுபவர்களிலும் பலர் ஆண்டுதோறும் வருபவர்களே. சிலர் தம் வாப்பா போட்ட இடத்திலேயே போடுகிறார்கள். அத்தகையவரிடம் வாங்கியவர் அடுத்த ஆண்டு நினைவு வைத்துக் கேட்கிறார். அவரும் நினைவு வைத்துச் சரிசெய்கிறார். சிக்கல், பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு எங்கிருந்தோ வந்து இறங்கி, பெட்டி மாற்றிக் கட்டிய பழைய பேரீச்சம்பழத்தையும், ஒரு துவைப்பில் சாயம் போகும் சட்டையையும் தள்ளிவிட்டுப் போகும் கடைகளில்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெருநாளுக்கு அந்த ஒரு சட்டைதான். ஜமாஅத் நிர்வாகத்தின் இடத்தில் கடை போட அனுமதிக்கும் ஊர்களில், வாடகை வாங்கும்போதே கடைக்காரரின் பெயரும் முகவரியும் எழுதி வாங்கிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் இதில் பாதி தீரும் என்பது நம் கருத்து.

மக்ரீஸீயின் கதைக்குத் திரும்புவோம். அவர் முஹ்தஸிப் பதவியில் நிலைக்கவில்லை. அப்பதவி போட்டிக்குரியதாக இருந்தது. அடுத்தடுத்து ஆட்கள் மாறினார்கள். பிறகு 1403ஐ ஒட்டி எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் தாக்கின. 1405ல் அவர் எழுதிய சிறு நூலில் அந்தப் பேரிடருக்கு மூன்று காரணங்களைக் கூறினார். நிலக் குத்தகை ஏறியது ஒன்று. செப்புக் காசு பெருகியது ஒன்று. அவற்றுக்கு முன்னால், முதற்காரணமாக, அவர் வைத்தது பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்பட்டதை. அவ்வாறு விற்கப்பட்ட பதவிகளில் தாம் வகித்த ஹிஸ்பாவையும் அவர் விட்டுவிடவில்லை. பணம் கொடுத்துப் பதவி வாங்கியவர் அப்பணத்தைக் கடைக்காரரிடம் வசூலிப்பார். கடைக்காரர் அதை எடையில் ஈடுகட்டுவார். தானியக் குவியலுக்குள் நுழைய வேண்டிய கை, காசு வாங்க நீண்டுவிட்டது.

முதுமையில் ‘கிதத்’ எழுதியபோது அவர் மெழுகுவத்திச் சந்தையை மீண்டும் எண்ணிப் பார்க்கிறார். தாம் அறிந்த நாளில் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தனவாம். எழுதும் நாளில் ஐந்தளவே எஞ்சியிருந்தன.